ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் வாரத்துக்கு நான்கு நாள், மாலை ஆறரைக்கு, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூடுவார்கள். கணக்கும் அறிவியலும் நான் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள். ஆனால் அவர்கள் பையில் இருப்பவை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான அரசுப் பாடநூல்கள். வினாத்தாளில் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம் என்பதால், பட்டம் வாங்கியவர்களும் பள்ளிப் புத்தகத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்புகிறவர்கள் முதல் வாரம் சொல்வது எப்போதும் ஒன்றேதான்: "எல்லாம் படிச்சதுதான் சார். ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

பல வருடம் நானும் அதை அப்படியே நம்பினேன். படித்தார்கள், மறந்தார்கள், மறுபடி படிக்கவேண்டும், அவ்வளவுதான் என்று. என் எண்ணத்தை மாற்றியவர் சென்ற ஆண்டு ஆடி மாதம் வகுப்பில் சேர்ந்த ஒருவர். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் கடையும் ஊரும் வேண்டாம் என்றார், தரவில்லை.

வயது 34. ஜவுளிக்கடை ஒன்றில் மீட்டர் துணிப் பிரிவில் பதினோரு வருட வேலை. பி.ஏ. வரலாறு படித்தவர். மகள் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் இரவு மகள் கணக்கு நோட்டை நீட்டி ஒரு பின்னக் கணக்கைக் கேட்டிருக்கிறாள். இவர் பார்த்துவிட்டு, "நாளைக்கு டியூஷன் அக்காகிட்ட கேட்டுக்கோ" என்று நோட்டை மூடிவிட்டார். "உனக்குத் தெரியாதாம்மா?" என்று அவள் கேட்டது கோபமாகக் கூட இல்லை, சாதாரணமாகத்தான். "அந்தச் சாதாரணம்தான் சார் குத்துச்சு" என்றார். தேர்வு எழுதும் யோசனை அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

முதல் நாள்

புதிதாக வருகிறவர்களுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பாடங்களில் இருபது கேள்வி கொடுப்பது என் வழக்கம். மதிப்பெண் யாருக்கும் சொல்வதில்லை, எங்கே தொடங்கலாம் என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். அவருக்கு எட்டு சரியாக வந்தது. பன்னிரண்டு தவறு. தாளைத் திருப்பித் தந்தபோது, "வயசாயிடுச்சு சார், மூளை மங்கிப்போச்சு" என்றார். 34 வயதில் மங்குகிற மூளை கிடையாது. ஆனால் அப்படிச் சொன்னால் அது ஆறுதலாகத்தான் காதில் விழும். அதனால் அன்று ஒன்றும் சொல்லாமல், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது இது: இரண்டு தவறுகள் மறதியே இல்லை. கோள்கள் எத்தனை என்பதற்கு ஒன்பது என்று எழுதியிருந்தார். அவர் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒன்பதுதான். 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று பிரித்து வைத்தது. அப்போது அவர் தொடக்கப் பள்ளியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார். தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்று எழுதியிருந்தார். 2019 வரை அதுதான் சரி, இப்போது 38. இந்த இரண்டிலும் அவருடைய நினைவு பழுதில்லாமல் இருந்தது, மாறியது உலகம். நம் பிள்ளைகள் முன்னால் "அப்பா தப்பாச் சொல்றாரு" என்று ஆகிற பல இடங்களில் நடப்பது இதுதான்.

இன்னொன்று, காற்றில் மிகுதியாக உள்ள வாயு. ஆக்சிஜன் என்று எழுதியிருந்தார். நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21 என்று பள்ளியில் ஒப்பித்தவர்தான். ஆனால் பள்ளியை விட்டபின் நைட்ரஜன் என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பார்? ஆக்சிஜனை எத்தனை முறை? 2021 மே மாதத்தில் நாடு முழுக்க அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் அழுதது. அதிகமாகக் காதில் விழுந்தது முன்னால் வந்து நிற்கிறது. பாடத்தில் படித்தது அதன் பின்னால் மறைந்துகொள்கிறது.

ஏழெட்டு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை சரி. ஆனால் எழுத நேரமானது. உதடு அசைந்ததைப் பார்த்தேன். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு..." என்று அடியிலிருந்து ஏறி ஐம்பத்தாறில் நின்றார். பாட்டாக உள்ளே போனது பாட்டாகவே வெளியே வருகிறது. நடுவில் கதவு கிடையாது, வாசலில் நுழைந்து நடந்துதான் போகவேண்டும். ஆனாலும் அது இருக்கிறது. இருபது வருடமாக யாரும் கேட்காமலே இருக்கிறது. அதேபோல ஆத்திசூடியை "அறஞ்செய விரும்பு" தொடங்கி மூச்சு விடாமல் சொன்னார். தமிழ் எழுத்து 247 என்று எழுதி, பக்கத்தில் 12, 18, 216, 1 என்று பிரித்தும் காட்டியிருந்தார். தமிழ் மாதங்கள் பன்னிரண்டும் வரிசையாக வந்தன. சந்தமும் வரிசையும் உள்ளவை நின்றிருக்கின்றன; தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்த தகவல்கள் உதிர்ந்திருக்கின்றன.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வாய்ப்பாடுதான் அவருக்கு மிச்சமிருந்த பிடிமானம். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவற்றுக்குப் போனோம்.

துணி வெட்டும் கை

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது பதினான்காவது கேள்வி. ஒன்றே முக்காலை அரையால் வகு.

1¾ என்பதை 7/4 என்று மாற்றியது சரி. அதற்குப் பிறகு எதையோ தலைகீழாக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. எதை என்பதுதான் நினைவில்லை. முதல் பின்னத்தைத் திருப்பி 4/7 ஆக்கி, 1/2ஆல் பெருக்கி, சுருக்கி, 2/7 என்று முடித்திருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது, சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக இருந்தன.

அடுத்த வகுப்பில் தாளை எடுக்காமல் கேட்டேன்: "ஒண்ணே முக்கால் மீட்டர் துணி இருக்கும்மா. அரை மீட்டர் பிட்டா வெட்டினா எத்தனை வரும்?"

"மூணு பிட் வரும் சார். கால் மீட்டர் மிஞ்சும்." கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். வலது கை மேஜை மேல் மூன்று முறை வெட்டியும் காட்டியது.

"மிஞ்சின கால் மீட்டர் எத்தனை பிட்?"

"அது பாதி பிட்."

"அப்ப மொத்தம்?"

"மூணரை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதன்பிறகு நான் நீட்டிய தாளைப் பார்த்தார். அங்கே 2/7 இருந்தது. "இதுவும் அதுவும் ஒரே கணக்கா சார்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

பதினோரு வருடமாகத் தினம் நாற்பது ஐம்பது முறை பின்னக் கணக்குப் போட்டவர் அவர். எண்பது சென்டி ஜாக்கெட் பிட், இரண்டே கால் மீட்டர் பாவாடைத் துணி, தானில் மிஞ்சியது எத்தனை என்று எல்லாமே கையிலும் நாவிலும் இருந்தது. ஆனால் அதற்கும் ஐந்தாம் வகுப்பில் கற்ற "தலைகீழாக்கிப் பெருக்கு" என்பதற்கும் இடையில் யாரும் ஒரு பலகை கூடப் போட்டு வைக்கவில்லை. பள்ளியில் அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார், ஏன் சார் திருப்பிப் போடணும் என்று. "கேள்வி கேக்காத, திருப்பிப் போட்டுப் பெருக்கு" என்பது பதில். அதோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்படியானால் அவர் மறந்தது எதை? வகுத்தலை மறக்கவில்லை. காரணம் சொல்லாமல் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையை மறந்தார். அதிலும் பாதி நினைவிருந்தது, மறுபாதியை ஊகித்தார். ஒரு விதிக்கு அடியில் காரணம் இருந்தால், பாதி உதிர்ந்தாலும் மீதியைக் கட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உதிர்ந்த இடம் வெறும் ஓட்டை. "அரை மீட்டரில் வெட்டினால் ஒரு மீட்டருக்கு இரண்டு பிட், ஆகவே இரண்டால் பெருக்குகிறோம்" என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால், எதைத் திருப்புவது என்ற குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

இது நம் பள்ளிகளின் குறை மட்டுமல்ல. லிபிங் மா என்ற ஆய்வாளர், அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமே இதே கணக்கை, அதே 1¾ ÷ ½ஐக் கொடுத்துப் பார்த்தார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் முழுமையாகச் செய்து சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகச் செய்தார்கள். அதை ஒரு வாழ்க்கைக் கணக்காகச் சொல்லச் சொன்னபோது அமெரிக்கத் தரப்பில் பொருள் பிசகாமல் சொன்னவர் ஒரே ஒருவர். அந்தக் கேள்வியை எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் துணி வெட்டுகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

பின்னம் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அரைக்கால், வீசம், காணி, முந்திரி என்று எட்டில் ஒன்று தொடங்கி 320இல் ஒன்று வரைக்கும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் பாடமாக ஒப்பித்தார்கள். 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவுகள் வந்தன. ஒரு தலைமுறைக்குள் முந்திரி என்றால் பருப்பு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. கால், அரை, முக்கால் மட்டும் அப்படியே நின்றன. அவற்றுக்குக் கடையில் வேலை இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. ஒரு சமூகம் மறப்பதும் ஒரு ஆள் மறப்பதும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான்.

எப்போது நின்றது

அவருடைய படிப்பின் பாதையைக் கேட்டு எழுதினேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 71. பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப். ஆக, பதினைந்து பதினாறு வயதில் பின்னத்தோடு தாளில் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பின் மகளின் நோட்டு வரும் வரை பதினெட்டு வருடம்.

உளவியலாளர்கள் ஹாரி பாரிக்கும் லிண்டா ஹாலும் 1991இல் வெளியிட்ட ஆய்வை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். பள்ளி இயற்கணிதம் ஐம்பது ஆண்டு வரை யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். கல்லூரியில் நுண்கணிதத்துக்கு மேலும் படித்தவர்களிடம் அரை நூற்றாண்டு கழித்தும் இயற்கணிதம் பெரிதாகக் குறையவில்லை. பள்ளியோடு நிறுத்தியவர்களிடம், அன்று நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாலும், கண்ணை மூடிக் குறியிட்டால் வருகிற அளவுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு புத்திசாலித்தனத்தில் இல்லை. ஒரு கூட்டம் பழைய பாடத்தைப் பல வருடங்களுக்குப் பரவலாக, வேறு வேறு இடத்தில், திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தியது. மற்றது ஒரே வருடத்தில் படித்து அந்த வருடமே எழுதிவிட்டு மூடியது.

அதே பாரிக் 1984இல் பள்ளியில் ஸ்பானிய மொழி படித்தவர்களைப் பார்த்தபோது, முதல் மூன்றிலிருந்து ஆறு ஆண்டுக்குள் மடமடவென்று குறைந்தது, மிஞ்சியது இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. எங்கள் வகுப்பில் "எல்லாம் போச்சு" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த அசையாத மிச்சத்தைத்தான். இவரிடம் அது துணி மேஜையில் இருந்தது.

போனது எல்லாம் போகவில்லை என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885இல் வெளியிட்ட ஆய்வுக்காகத் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்தார். எத்தனை நினைவிருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. மறந்ததை மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து 44 விழுக்காடு, ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. ஒரு வரி கூடச் சொல்ல முடியாதபோதும் மறுபடி படிக்கிற உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்றால், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. எங்கள் வகுப்பில் இதை வாராவாரம் பார்க்கிறேன். பின்னக் கூட்டலும் கழித்தலும் அவருக்கு இரண்டே மாலையில் திரும்பி வந்தன. பள்ளியில் அதற்கு ஒரு பருவமே ஆகியிருக்கும்.

நாங்கள் செய்தது

அவர் படிக்கும் முறை எல்லோருடையதும் போலத்தான். புத்தகத்தில் மஞ்சள் பேனாவால் கோடு, மறுபடி வாசிப்பு, மறுபடி வாசிப்பு. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே இருக்கும். அதுதான் ஏமாற்றுகிறது.

ஒரு நாள் கேட்டேன், இருநூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் இருக்கிறது என்று. தினமும் கல்லாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். யோசித்தார், சிரித்தார், தெரியவில்லை. வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாஞ்சி ஸ்தூபி. அமெரிக்காவில் 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் இருவரும் ஒரு சென்ட் காசை வரையச் சொல்லிப் பார்த்தபோதும் இப்படித்தான். எட்டு அம்சங்களில், குறைந்தது பாதிப்பேருக்கு மூன்றுக்கு மேல் சரியாக வரவில்லை. ஆயிரம் முறை கண்ணில் படுவதால் ஒன்று நினைவில் ஏறிவிடாது. உள்ளேயிருந்து இழுத்து எடுத்தால்தான் ஏறும்.

ஆகவே வாசிப்பைக் குறைத்தோம். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுது, பிறகு திறந்து பார். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனைதான் இதற்கு ஆதாரம். ஒரு பத்தியை நான்கு தடவை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு தடவை படித்து மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து முன்னால் நின்றார்கள், 61 விழுக்காட்டுக்கு 40. முதல் மூன்று வாரம் அவருக்கு இது பிடிக்கவே இல்லை. "படிச்ச மாதிரியே இல்ல சார், தப்புத்தான் வருது" என்பார். அந்தத் தடுமாற்றத்தைத் தாங்கச் செய்வதுதான் என் வேலையில் கடினமான பகுதி. கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கிற பத்து நிமிடத்தில், பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்து மடித்து வைத்திருப்பார். மாலையில் அந்தத் தாள்களை எடுத்து என் மேஜையில் விரிப்பார்.

பின்ன வகுத்தலை நான் சொல்லித் தரவில்லை. மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். வீட்டில் ஒரு பழைய சேலையைத் தரையில் விரித்து, டேப்பால் அளந்து, அரை அரையாக மடித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் வந்து, எதைத் திருப்பவேண்டும், ஏன் என்று எனக்கே விளக்கினார்.

வெயில்

ஒரு தவறு மட்டும் இந்த வழிக்கெல்லாம் மசியவில்லை. கோடையில் ஏன் வெயில் அதிகம் என்பதற்கு முதல் நாள் எழுதியது: "சூரியன் பூமிக்கு அருகில் வருவதால்."

இதை மறதி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே தாளில் பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். எண் நினைவிருந்தது, அது எதற்கு என்பது ஒட்டவில்லை. ஒட்டாததற்குக் காரணம், அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தது. அடுப்புப் பக்கத்தில் போனால் சுடும் என்பது பள்ளிக்குப் போகும் முன்பே உடம்பு கற்றது. 1987இல் ஹார்வர்ட் பட்டமளிப்பு நாளில் மாணவர், பழைய மாணவர், ஆசிரியர் என்று 23 பேரிடம் பருவகாலம் பற்றியோ நிலவின் பிறைகள் பற்றியோ கேட்டார்கள். 21 பேர் தவறாக விளக்கினார்கள். ஆண்ட்ரூ ஷ்டுல்மனும் ஜோஷுவா வால்கார்செலும் 2012இல் 200 வாக்கியங்களைக் கொடுத்து சரியா தவறா என்று கேட்டபோது, அறிவியலும் வெள்ளந்தியான அனுபவமும் மோதுகிற வாக்கியங்களில் படித்தவர்களுக்கும் பதில் தாமதமானது. பள்ளிப் பாடம் பழைய எண்ணத்தை அழிப்பதில்லை. அதன் மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டு அழுத்தம் தளர்ந்ததும், கீழே இருந்தது எழுந்துகொள்கிறது.

இவருக்கு உருண்டைப் படம் உதவவில்லை. டார்ச் விளக்கை நேராகவும் சாய்த்தும் தாளில் அடித்துக் காட்டியது கொஞ்சம் உதவியது. நிஜமாகவே அசைத்தது ஒரு தேதி. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தொலைவில் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடியில். "மார்கழியிலயா சார் பக்கத்துல இருக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். விடியலில் பனியில் உட்கார்ந்து கோலம் போடுகிறவர். அந்தக் குளிரில்தான் சூரியன் கிட்டே இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய அதிர்ச்சி. அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. வேறு எதுவும் பேச முடியவில்லை.

பங்குனியில், ஏழெட்டு மாதம் கழித்து, அதே இருபது கேள்விகளை முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி கேட்டேன், இந்த முறை வாயால். பதினெட்டு சரி. வெயில் கேள்வி வந்தபோது, "சூரியன் பக்கத்துல" என்று தொடங்கி நிறுத்தினார். கை காற்றில் நின்றது.

"இல்ல சார். மார்கழி" என்றார். பிறகு அச்சிலிருந்து தொடங்கி, மெதுவாக, முழுசாகச் சொன்னார்.